ட்ரோன் செய்திகளில் எண்ணிக்கை மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உக்ரைன் போர் பற்றிய செய்தியானாலும் மேற்காசியச் செய்தியானாலும் தங்கள் நாளிதழில் ‘ட்ரோன் தாக்குதல்’ என்ற சொல் இல்லாத நாள் அபூர்வமாகிவிட்டது. அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு ஆயுதங்களை அடைத்துவிடுகிறோம். கூடவே ஒரு கணக்கும் தவறாமல் வருகிறது: ‘இருபதாயிரம் டாலர் ட்ரோனை வீழ்த்த நாற்பது லட்சம் டாலர் ஏவுகணை!’ சொல்லில் தெளிவில்லை, கணக்கிலும் ஓட்டை. இரண்டையும் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

முதலில் சொல். வேவு பார்த்துவிட்டுத் திரும்புவது ஒரு வகை. துருக்கியின் பைரக்தார் போலக் குண்டு போட்டுவிட்டுத் திரும்புவது இன்னொன்று. போனால் திரும்பாதது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் ராணுவத்தார் ஒருவழித் தாக்குதல் ட்ரோன் என்கிறார்கள். பத்திரிகைகளில் ‘தற்கொலை ட்ரோன்’ என்று வருகிறது. உள்ளே ஆளே இல்லாத பொறிக்கு ஏது தற்கொலை? அதுகூடப் பரவாயில்லை. 2025 மே மாதம் 8-ம் தேதி இரவு 36 இடங்களை நோக்கிப் பாகிஸ்தான் 300 முதல் 400 ட்ரோன்களை அனுப்பியதாக இந்திய அரசு சொன்னது. விழுந்த துண்டுகளை முதற்கட்டமாகப் பார்த்ததில் அவை துருக்கியின் சோங்கர் ரகம் என்றும் சொன்னது. சோங்கர் என்பது ஆயுதம் ஏந்திப் போய்த் திரும்பக்கூடிய சிறு ட்ரோன். அதே நாட்களில் இந்தியத் தரப்பு பயன்படுத்திய இஸ்ரேலிய ஹாரப் இலக்கின் மேல் பாய்ந்து தானும் வெடித்து அழிவது. இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் ‘தற்கொலை ட்ரோன் மோதல்’ என்று போட்டால் வாசகருக்கு என்ன புரியும்?

ஒருவழி ட்ரோன்களுக்குள்ளும் மூன்று ரகம் உண்டு. முன்கூட்டியே கொடுத்த ஆயத்தொலைவுகளை நோக்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து மோதுவது ஈரானின் ஷாஹெத் ரகம். இலக்கு இருக்கும் பகுதிக்குப் போய் வானில் வட்டமிட்டு, இரை தென்பட்டதும் பாய்வது ஹாரப், ரஷ்யாவின் லான்செட் ரகம். ஆட்டுபவர் கண்ணில் கண்ணாடித் திரையை மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா காண்பதைத் தானும் கண்டபடி கடைசி நொடி வரை கையால் செலுத்துவது எஃப்பிவி ரகம். முதல் ரகம் நகரங்களையும் மின்நிலையங்களையும் தேடிப் போகும். இரண்டாவது பீரங்கியையும் ரேடாரையும் தேடும். மூன்றாவது போர்முனையில் ஒரு டாங்கியையோ ஒரு தனி மனிதனையோ துரத்தும்.

இதெல்லாம் நேற்று முளைத்த யோசனையும் இல்லை. 1918-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த ‘பக்’ என்ற மர விமானம், எஞ்சின் இத்தனை சுற்று சுற்றியதும் தானாகவே இறக்கைகளைக் கழற்றிவிட்டுக் கீழே விழும்படி செய்யப்பட்டது. போரில் பயன்படுத்துமுன் முதல் உலகப் போரே முடிந்துவிட்டது. 1944 ஜூன் 13 முதல் லண்டன் மீது பாய்ந்த ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டிலும் கிட்டத்தட்ட அதே தந்திரம்தான்: மூக்கில் காற்றில் சுழலும் ஒரு குட்டி விசிறி, அதன் சுற்றுகளை எண்ணும் கருவி, எண்ணிக்கை தீர்ந்ததும் கீழ்நோக்கிப் பாய்ச்சல். பிரிட்டன் அதைச் சமாளித்த விதத்தை இன்றைக்கு வான் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். லண்டனைச் சுற்றி நின்ற பீரங்கிகளை ஜூலை மாதத்தில் கடற்கரைக்கு நகர்த்தினார்கள். தானாகக் குறிபார்க்கும் ரேடாரைச் சேர்த்தார்கள். இலக்குக்குப் பக்கத்தில் வந்தாலே வெடிக்கும் குண்டுகளைக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று 90-க்கும் மேற்பட்டவை கிளம்பி வந்ததில் லண்டனை எட்டியவை நாலே நாலு. ஆளில்லாமல், நேர்க்கோட்டில், ஒரே வேகத்தில் வருகிற பொருளைப் பீரங்கியால் அடிக்க முடியும் என்பது அன்றே நிரூபணமான சங்கதி.

இடையில் 1980-களில் ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனம் ரேடார்களைத் தாக்க முக்கோண இறக்கையுடன் ஒரு வடிவத்தை உருவாக்கப் பார்த்தது. இஸ்ரேல் அதே வேலைக்கு ஹார்பி என்ற ட்ரோனைக் கொண்டுவந்தது. அதன் வழியில் வந்த ஹாரப்பை அஜர்பைஜான் 2020 நாகோர்னோ-கராபாக் போரில் ஆர்மீனியாவின் வான் பாதுகாப்பு மீது ஏவியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்கு முந்தைய வருடமே, 2019 செப்டம்பர் 14 அன்று, 18 ட்ரோன்களும் 7 குரூஸ் ஏவுகணைகளும் சவூதியின் அப்கைக், குரைஸ் எண்ணெய் நிலையங்களைத் தாக்கி அந்நாட்டு எண்ணெய் உற்பத்தியில் பாதியைச் சில நாட்கள் முடக்கியிருந்தன. அப்போது எல்லோரும் எண்ணெய் விலையைத்தான் பார்த்தார்கள்.

இனி ஷாஹெத்-136. நீளம் சுமார் மூன்றரை மீட்டர், இறக்கை அகலம் இரண்டரை மீட்டர், எடை 200 கிலோ அளவில். பின்புறம் 50 குதிரைசக்திப் பெட்ரோல் எஞ்சின், அதில் ஒரு மர விசிறி. எஞ்சின் ஜெர்மனியின் லிம்பாக் என்ற சிறு விமான எஞ்சினைப் பார்த்து ஈரான் செய்துகொண்ட நகல். வேகம் மணிக்கு 185 கிலோமீட்டர் சுமார். ஓடுபாதை தேவையில்லை. லாரியில் வைத்த சாய்வுச் சட்டத்திலிருந்து ஒரு சிறு ராக்கெட் அதை உந்திவிட்டுக் கழன்று விழும், பிறகு எஞ்சின் பார்த்துக்கொள்ளும். 2022 செப்டம்பரில் ரஷ்யா இதை ‘கெரான்-2’ என்ற பெயரில் உக்ரைன் மீது ஏவத் தொடங்கியது. இரவில் அது எழுப்பும் சத்தத்தை வைத்து உக்ரைன் மக்கள் இட்ட பெயர் ‘மொபெட்’. பிறகு தாதர்ஸ்தானின் யெலபுகாவில் உள்ள அலபுகா சிறப்புப் பொருளாதார மண்டலத்திலேயே உற்பத்தி தொடங்கியது.

இந்த வேகத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அசோவ் கடலோரம் பிரிமோர்ஸ்கோ-அக்தார்ஸ்கிலிருந்து கீவ் நகரம் நேர்க்கோட்டில் 750 கிலோமீட்டர். நான்கு மணி நேரப் பயணம். எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் அடித்தால் தரையைக் கடக்கும் வேகம் 135-க்கு இறங்கி, பயணம் ஐந்தரை மணி நேரமாக நீளும், எரிபொருளும் அதற்கேற்பக் கரையும். நான்கு மணி நேரம் ஒரு பொருள் நாட்டின் குறுக்கே உறுமிக்கொண்டு போகிறது என்றால் அதைக் கேட்க ஆள் வைத்தாலே போதுமே என்று தோன்றும். உக்ரைன் அதைத்தான் செய்தது. கம்பங்களில் மைக்ரோஃபோன் பொருத்தி, 400, 500 டாலர் விலையில் ஏறக்குறைய 10,000 ஒலி உணரிகளை நாடு முழுக்க வைத்தது. எது எங்கே போகிறது என்ற தகவல் பிக்கப் வண்டியில் கனரக இயந்திரத் துப்பாக்கி, வெப்பக் காட்சிக் கருவி, தேடுவிளக்குடன் காத்திருக்கும் குழுவுக்குப் போய்ச் சேரும்.

அந்தக் குழுவுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? 185 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 51 மீட்டர். துப்பாக்கி ஒரு கிலோமீட்டர் வரை நம்பிச் சுடும் என்று கொண்டால், ட்ரோன் தலைக்கு நேர் மேலே போனாலும் இந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர், அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர். மொத்தம் 40 நொடி. கொஞ்சம் விலகிப் போனால் அதுவும் இல்லை. அதனால்தான் முன்பு ஆற்றுப் படுகைகளை ஒட்டித் தாழ்வாக வந்தவை 2025-ல் இரண்டு, மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறின. அந்த உயரத்தில் இயந்திரத் துப்பாக்கி எட்டாது. ஆனால் உயரே போனால் ரேடார் கண்ணில் தெளிவாகப் படும். தாழ்ந்தால் துப்பாக்கி, உயர்ந்தால் ரேடார் என்ற இந்த இழுபறியைச் சொல்லாமல் ‘ரஷ்யா உத்தி மாற்றம்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் செய்தியின் சாரமே போய்விடுகிறது.

இதில் கோளாறாகும் இடங்கள் வேறு. அசல் ஷாஹெத்துக்குக் கண் கிடையாது. உள்ளிருக்கும் மலிவான திசையறி கருவியின் பிழை நேரம் ஆக ஆகக் கூடும். செயற்கைக்கோள் சிக்னல்தான் அதை அவ்வப்போது திருத்துகிறது. அந்தச் சிக்னலை ஜாமர் என்ற அலைக்குறுக்கீட்டுக் கருவி மூழ்கடித்தாலோ, போலிச் சிக்னல் ஏமாற்றினாலோ ட்ரோன் வழிதவறும். 2024 செப்டம்பரில் ஒன்று லாத்வியாவுக்குள்ளேயே போய் விழுந்தது. பெலாரஸுக்குள் திசைமாறிப் போனவை ஏராளம். பதிலுக்கு ரஷ்யர்கள் குறுக்கீடு வரும் திசையை மட்டும் அடைத்துக்கொள்ளும் பல உறுப்பு ஆன்டெனாக்களைப் பொருத்தினார்கள். நான்கு உறுப்பு எட்டாகி, எட்டு பதினாறானது. வெடிமுனையும் 50 கிலோவிலிருந்து சில வகைகளில் 90 கிலோவானது. அந்தக் கூடுதல் எடைக்கு விலை எரிபொருள். அதாவது அடி பலம், தூரம் குறைவு. பிந்தைய சில வகைகளில் கேமராவும் ரேடியோ இணைப்பும் வந்து, ஓடும் இலக்கையும் துரத்த முடிகிறது. ‘ஷாஹெத்’ என்று ஒரே பெயரில் எழுதப்படுவது 2022-ல் இருந்த பொருளே அல்ல.

எண்ணிக்கைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 7 இரவு ரஷ்யா 810 ட்ரோன்களையும் 13 ஏவுகணைகளையும் ஏவியதாகவும், ட்ரோன்களில் 747 செயலிழக்கச் செய்யப்பட்டதாகவும் உக்ரைன் விமானப்படை அறிவித்தது. 92 சதவீதம் வெற்றி என்று தலைப்புப் போடலாம். ஆனால் இந்த 810-ல் போலிகளும் அடக்கம். கெர்பெரா என்ற நுரைப்பலகை ட்ரோன், ரேடாருக்கு ஷாஹெத் போலவே தெரியும். வெடிமருந்து பெரும்பாலும் இருக்காது. பேச்சுக்கு 300 போலிகள் என்று வையுங்கள். அவை அத்தனையும் வீழ்ந்தவற்றில் சேர்ந்துவிட்டால், உண்மையான ட்ரோன்கள் 510. அவற்றில் அந்த இரவு இலக்கில் விழுந்ததாக உக்ரைனே ஒப்புக்கொண்டவை 54. ஊடுருவல் 7 சதவீதத்திலிருந்து 11-ஐ நெருங்கிவிடுகிறது. ஒவ்வொன்றிலும் 50 கிலோ என்றால் 54 ட்ரோன் சுமந்தது 2.7 டன் வெடிமுனை. கீவ் நகரில் அமைச்சரவைக் கட்டடமே அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சேதமடைந்தது.

இன்னொரு நுணுக்கம். உக்ரைன் அறிக்கையில் ‘சுட்டு வீழ்த்தப்பட்டவை’ என்று ஒரு பிரிவும், ‘இருப்பிடம் தொலைந்தவை’ என்று ஒரு பிரிவும் வரும். இரண்டாவது, மின்னணுக் குறுக்கீட்டால் வழிதவறியவையும் போலிகளும் கலந்த கணக்கு. நம் பத்திரிகைகளில் இரண்டையும் கூட்டி ‘சுட்டு வீழ்த்தப்பட்டன’ என்றே அச்சாகிறது. ஒன்றுக்கு குண்டு செலவாகியிருக்கிறது, மற்றதற்கு மின்சாரம் மட்டுமே செலவு. அதைக் கலந்துவிட்டால் செலவுக் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

அந்தச் செலவுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ‘இருபதாயிரம் டாலர்’ என்பது ஈரானில் செய்ய ஆகும் செலவு பற்றிய பழைய மதிப்பீடு. ரஷ்யாவுக்கு ஈரான் விற்றபோது, கசிந்த ஆவணங்களின்படி, 6,000 ட்ரோனுக்கான ஒப்பந்தத்தில் ஒன்றின் விலை 1,93,000 டாலர். ரஷ்யாவிலேயே செய்யத் தொடங்கியபின் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆகவே ‘விலை’ என்று எழுதினால் யார், எப்போது, எங்கே செய்ததன் விலை என்று சொல்ல வேண்டும். அடுத்து, 40 லட்சம் டாலர் பேட்ரியட் ஏவுகணையை ஷாஹெத் மீது சுடுவது உக்ரைனில் கடைசி வழி. அங்கே உண்மையான பஞ்சம் பணத்துக்கு அல்ல, எண்ணிக்கைக்கு. பேட்ரியட்டில் ஒரு ரகமான பாக்-3 எம்எஸ்இ ஏவுகணையை லாக்ஹீட் மார்ட்டின் 2024-ல் ஆண்டு முழுக்கச் செய்தது 500 அளவில்தான், அதையும் பல நாடுகள் பங்குபோட வேண்டும். பாலிஸ்டிக் ஏவுகணையைத் தடுக்க அவர்கள் பெரிதும் நம்பியிருக்கும் ஆயுதம் பேட்ரியட்தான். அதை ட்ரோனுக்குச் செலவழித்தால் அடுத்து வரும் ஏவுகணைக்கு என்ன செய்வது?

விலையை ஒப்பிடுவதானாலும் ட்ரோனுக்கு எதிரே வைக்க வேண்டியது காக்கப்படும் பொருளை. ஒரு பெரிய மின்மாற்றியை ஆர்டர் செய்து கையில் வாங்க ஓராண்டுக்கும் மேல் ஆகலாம். அது எரிந்து ஒரு நகரம் குளிர்காலத்தில் இருளில் கிடப்பதோடு ஒப்பிட்டால், விலையுயர்ந்த ஏவுகணைகூடச் சில சமயம் லாபம்தான்.

இதற்கு மலிவான பதில் இல்லாமலில்லை. ஜெர்மனியின் பழைய விமான எதிர்ப்பு வண்டியான கெப்பார்ட், இரட்டை 35 மில்லிமீட்டர் பீரங்கியால் இவற்றை அடித்துத் தள்ளுகிறது. யாக்-52 என்ற பழைய பயிற்சி விமானத்தின் பின் இருக்கையில் துப்பாக்கியுடன் ஆள் உட்கார்ந்தும் வேட்டையாடினார்கள். இப்போது எல்லோரும் பேசுவது இடைமறிப்பு ட்ரோன் பற்றி. உக்ரைனின் ‘ஸ்டிங்’ போன்றவை சில ஆயிரம் டாலருக்குள் அடங்குபவை, மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுபவை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னாலிருந்து துரத்தினால் என்ன ஆகும் பாருங்கள்: 300-க்கும் 185-க்கும் இடைவெளி 115. ஐந்து கிலோமீட்டர் முன்னே போகிற ஷாஹெத்தை எட்டிப் பிடிக்க இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இடைமறிப்பான் 13 கிலோமீட்டர் பறந்திருக்கும். பேட்டரிக்கு அது சின்ன தூரம் அல்ல. ஆகவே ரேடார் முன்கூட்டியே காட்டிக்கொடுத்து, வரும் பாதையில் காத்திருந்தால்தான் வேலை நடக்கும். மூடுபனியில் கேமராவுக்கு எதுவும் தெரியாது. ஜெட் எஞ்சின் பொருத்திய கெரான்-3 வந்தாலோ, பின்துரத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இடைமறிப்பு ட்ரோனை ‘தீர்வு’ என்று எழுதும்போது, அதற்கு ரேடாரும் பயிற்சி பெற்ற ஆளும் எத்தனை வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதலாமே.

எஃப்பிவி பற்றிச் சுருக்கமாக. அதன் பலவீனம் கடைசி நூறு மீட்டரில் இருக்கிறது. இலக்கை நோக்கித் தாழும்போது மேடும் மரமும் ரேடியோ அலையை மறைக்க, படம் கலங்கி, ஆட்டுபவர் குருடாகிறார். இலக்கு வண்டியிலேயே ஜாமர் இருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு மாற்றாக 2024-லிருந்து வந்ததுதான் ஒளியிழை ட்ரோன். கூந்தலிழை போன்ற கண்ணாடி நாரைச் சுருளிலிருந்து அவிழ்த்தபடியே பறக்கும். ஜாமர் பலிக்காது, தரையை ஒட்டிப் போனாலும் படம் கலங்காது. ஆனால் 10 கிலோமீட்டர் சுருளே ஒரு கிலோவுக்கு மேல் எடை. அந்த எடை வெடிமருந்திலிருந்தோ பேட்டரியிலிருந்தோ கழிய வேண்டும். மரக்கிளையில் சிக்கி அறுந்தால் கதை முடிந்தது. 2025 தொடக்கத்தில் குர்ஸ்க் மாநிலத்தின் சுத்சாவுக்குப் போகும் சாலையில் உக்ரைன் வண்டிகளை ரஷ்யா அடித்து நொறுக்கியது பெரிதும் இவற்றால்தான். இப்போது போர்முனைச் சாலைகள் மீது கிலோமீட்டர் கணக்கில் வலைப் பந்தல் போடுகிறார்கள். வயல்வெளியில் வெயில் பட்டால் சிலந்திவலை போல மின்னுவது அறுந்து கிடக்கும் இழைகள்.

சிறு ட்ரோன்களுக்குத் தூரம் குறைவு என்ற குறையையும் தந்திரத்தால் தாண்டினார்கள். 2025 ஜூன் 1 அன்று உக்ரைன் 117 சிறு ட்ரோன்களை லாரிகளில் மரக் கொட்டகைகளின் கூரைக்கடியில் மறைத்து ரஷ்யாவுக்குள் கொண்டுபோய், விமானத் தளங்களின் வாசலிலேயே கிளப்பிவிட்டது. சைபீரியாவின் பெலாயா தளமும் அதில் ஒன்று. உக்ரைனின் நீண்டதூர வகையும் வளர்ந்திருக்கிறது. 2024 ஏப்ரல் 2 அன்று யெலபுகாவைத் தாக்கியது, இருவர் அமரும் ஏ-22 இலகு விமானத்தை ஆளில்லாமல் மாற்றியமைத்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வந்தது. அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை. ஷாஹெத்தை ஒத்த லூகாஸ் என்ற ட்ரோனைச் செய்து, 2025 டிசம்பரில் மேற்காசியாவில் அதற்கென ஒரு படைப்பிரிவையே அறிவித்தது. வல்லரசு ஒன்று ஈரானின் வடிவத்தைப் பார்த்துச் செய்துகொள்ளும் நிலை வந்ததை எந்தத் தலையங்கமும் பேசியதாகத் தெரியவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘இத்தனை நூறு ட்ரோன்கள்’ என்று வரும்போது, அதில் போலிகள் சேர்ந்திருக்கிறதா, சுட்டது எத்தனை, வழிதவறியது எத்தனை, இலக்கில் விழுந்தது எத்தனை என்று ஒரு சிறு பெட்டியாகப் போட்டுவிடுங்கள். அறிக்கையில் இல்லாததை ‘தெரியவில்லை’ என்றே அச்சிடலாம், குற்றமில்லை. எந்தத் தரப்பின் கணக்கு என்பதும் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

கடைசியாகப் படம். ஷாஹெத் செய்திக்கு அமெரிக்காவின் எம்க்யூ-9 ரீப்பர் படத்தைப் போடும் வழக்கம் பல இதழ்களில் இருக்கிறது. பக்கம் வடிவமைப்பவருக்கு எளிய அடையாளம் ஒன்று சொல்கிறேன்: முக்கோண இறக்கை, பின்னால் விசிறி, அடியில் சக்கரம் இருக்காது. திரும்பி வராத பொருளுக்குச் சக்கரம் எதற்கு? இதற்கும் ஒரு விலக்கு உண்டு. உக்ரைனின் லியூத்தி ஒருவழி ட்ரோன்தான், ஆனால் ஓடுபாதையில் ஓடிக் கிளம்புவதால் அதற்குச் சக்கரம் உண்டு. சக்கரத்தைப் பார்த்து அது திரும்பி வரும் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்